அம்னோ கட்சித் தேர்தலில் ‘தொகுதிக்கு ஒரு ஓட்டு’ என்றால் என்ன?

2009 வரை, கோலாலம்பூர் புத்ரா உலக வாணிப மையத்தில் கூடிய சுமார் 2,500 பேராளர்களே மலேசியாவின் மலாய்க் கட்சியான அம்னோவின் உயர்மட்டத் தலைவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆள் குறைவு என்பதால் பணத்தால் வளைப்பது சுலபம். பண அரசியலுக்கு அணை போடத்தான் அந்த ஆண்டு கட்சி விதியைத் திருத்தினார்கள். 2013 தேர்தலில் சுமார் 150,000 பேருக்கு ஓட்டு கிடைத்தது.

கட்சியின் 191 தொகுதிகளிலும் (கிளைகளுக்கு மேலுள்ள வட்டார அமைப்புகள்) தனித்தனியே எண்ணுவார்கள். அங்கே முந்தியவருக்கு அந்தத் தொகுதியின் ஒரே ஓட்டு. கோலாலம்பூர் செந்தூல் அடுக்குமாடியில் ஐந்து புளோக், ஒவ்வொன்றும் ஒரு தொகுதி மாதிரி என்று வையுங்கள்: ஒருவர் மூன்று புளோக்கில் பத்துப் பத்து ஓட்டில் முந்தினாலே போதும், மற்ற இரண்டில் நூறு நூறு ஓட்டில் தோற்றாலும் தலைவர் அவர்தான். இம்முறையின் பெரிய குறையே இதுதான் என்பேன்.

உறுப்பினர் எல்லாருமே ஓட்டுப் போட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். இல்லை, 30 லட்சத்துக்கும் மேற்பட்டோரில் கிளை, தொகுதிப் பேராளர்களுக்கு மட்டுமே அந்த உரிமை.