பக்கத்து கம்பெனிக்காரங்ககிட்ட கத்துக்கலாமா?

கேள்வி: வணக்கம் மேடம். நான் கோயமுத்தூர்ல பம்ப் தயாரிக்கற கம்பெனில ஊழியர்களுக்கு டிரெயினிங் குடுக்கற வேலை பாக்கறேன், டிபார்ட்மென்ட்னு பேரு, ஆளு நான் ஒருத்திதான். கம்பெனி மாத இதழ், நோட்டீஸ் போர்டு, சர்க்குலர் எழுதறதும் நானே. வேற கம்பெனிகள்ல இதே வேலை பாக்கற அஞ்சாறு பேர் மாசம் ஒருதடவை கூடி பேசலாம்னு கூப்பிடறாங்க. எங்க மேனேஜர், நம்ம விஷயமெல்லாம் வெளிய போயிடும் வேண்டாங்கறார். என்ன பண்ணட்டும்?
- வாசகி, கோவை

பதில்: போங்கம்மா, கண்டிப்பா போங்க. அக்கவுண்ட்ஸ்ல ஒருத்தருக்கு சந்தேகம் வந்தா பக்கத்து சீட்ல கேட்டுக்கலாம், உங்கள மாதிரி ஒத்த ஆளா இருக்கறவங்களுக்கு அந்த பக்கத்து சீட்டே அடுத்த கம்பெனிலதான் இருக்கு.

1940கள்ல பிரிட்டன்ல ரெஜ் ரெவன்ஸ்ங்கறவர் நிலக்கரி சுரங்க மேனேஜர்களுக்கு இப்படித்தான் செஞ்சார். வாத்தியார் வச்சு வகுப்பு எடுக்கறத நம்பாம, அவங்களையே சின்னச் சின்ன குழுவா உக்கார வச்சு, அவங்கவங்க சுரங்கத்துல இப்ப என்ன சிக்கலோ அத சொல்ல வச்சார், மத்தவங்க வேலை கேள்வி கேக்கறது. ஏற்கனவே எழுதி வச்ச அறிவு பாதி, சரியான கேள்வி மீதி, ரெண்டும் சேந்தாதான் கத்துக்கறதுன்னு சொன்னவர் அவர். ஆக்‌ஷன் லேர்னிங்னு இப்ப பேரு.

எனக்கு இது அனுபவத்துல புரிஞ்சது. ஒரு தொழிற்சாலைல ஒப்பந்த தொழிலாளர்களுக்கு பாதுகாப்பு பயிற்சி குடுத்தேன், 60 ஸ்லைடு, ஃபீட்பேக் ஃபார்ம்ல எல்லாருமே 'மிக நன்று'ல டிக் பண்ணிட்டு போனாங்க, அடுத்த வாரம் பாத்தா பாதி பேர் கண்ணாடி போடாம கிரைண்டிங் பண்ணிட்டு இருக்காங்க. நானும் இதே மாதிரி ஒரு குழுவுல இருக்கேன், அங்க இத சொல்லி, இன்னும் என்ன பயிற்சி குடுக்கலாம்னு கேட்டேன். ஒரு ஸ்பின்னிங் மில்லுல இருந்து வந்தவர் திருப்பி ஒண்ணே ஒண்ணு கேட்டார், "அந்த கண்ணாடிய போட்டு நீங்க வேலை செஞ்சு பாத்தீங்களா மேடம்?" மறுநாள் போட்டு பாத்தேன், பத்தே நிமிஷத்துல வேர்வைக்கு உள்ள ஆவி படிஞ்சு கண்ணே தெரியல. மாத்த வேண்டியது பயிற்சிய இல்ல, கண்ணாடிய. இந்த கேள்விய எங்க ஆபீஸ்ல யாரும் என்ன கேட்டிருக்க மாட்டாங்க.

உங்க மேனேஜர் பயத்துலயும் நியாயம் இருக்கு, அத தள்ளிவிடாதீங்க. லண்டன்ல சத்தாம் ஹவுஸ்னு ஒரு அமைப்பு 1927லயே இதுக்கு ஒரு விதி வச்சிருக்கு, கூட்டத்துல கேட்டத எடுத்து பயன்படுத்திக்கலாம், ஆனா யார் சொன்னாங்க, எந்த கம்பெனின்னு வெளிய மூச்சு விடக்கூடாது. அதோட விலை, சம்பளம், இன்னும் வெளியிடாத அறிவிப்பு, ஊழியர்கள் பேரு இதெல்லாம் பேசவே மாட்டோம்னு ஒரு பக்கத்துல எழுதி, எல்லாரும் கையெழுத்து போட்டு மேனேஜர்கிட்ட காட்டுங்க. நேரடி போட்டி கம்பெனி ஆள் குழுவுல இல்லாம பாத்துக்கிட்டா இன்னும் நல்லது.

கேள்வி: இன்டர்னல் கம்யூனிகேஷன், அதாவது கம்பெனி சேதிய ஊழியர்களுக்கு எழுதி சொல்ற வேலை பாக்கற ஆட்களுக்குன்னு ஒரு வாட்ஸ்அப் குரூப்ல இருக்கேன், 200 பேருக்கு மேல. குட் மார்னிங்கும் வேலை காலி விளம்பரமும்தான் வருது. விலகிடவா?
- வாசகர், சென்னை

பதில்: விலகாதீங்க, அதுலேர்ந்து ஆறு பேர பிரிச்சு எடுங்க. 200 பேர் முன்னாடி 'நான் எழுதின சர்க்குலர யாருமே படிக்கல'ன்னு யார் சொல்லுவாங்க? ஆறு பேர்கிட்ட சொல்லலாம். ஒரு மாசம் ஒருத்தரோட பிரச்சினை மட்டும், அவர் அந்த நோட்டீஸயே பிரிண்ட் எடுத்துட்டு வரணும், மத்தவங்க முதல் அரை மணி நேரம் அறிவுரை சொல்லக்கூடாது, கேள்வி மட்டும். இந்த ஒண்ணுதான் ரொம்ப கஷ்டம், நம்மாளுங்களுக்கு யோசனை சொல்ல வாய் துடிக்கும்.

கேள்வி: பணம் கட்டி பெரிய அமைப்புல சேரறதா, சின்ன குழுவே போதுமா?
- வாசகி, ஓசூர்

பதில்: ரெண்டும் வேற வேற. பயிற்சி பக்கம்னா இந்தியன் சொசைட்டி ஃபார் டிரெயினிங் அண்ட் டெவலப்மென்ட் 1970லேர்ந்து இருக்கு, டிப்ளமோ படிப்பும் நடத்தறாங்க. மக்கள் தொடர்பு பக்கம்னா பப்ளிக் ரிலேஷன்ஸ் சொசைட்டி ஆஃப் இந்தியா, 1958லேர்ந்து. சான்றிதழ், பேச்சாளர், நாலு ஊர் தொடர்பு வேணும்னா அங்க போங்க. அங்க ரெண்டு மூணு கூட்டத்துக்கு போனாலே, டீ குடிக்கறப்ப தன் தப்ப தைரியமா சொல்ற ஆள் யாருன்னு தெரிஞ்சிடும், அவங்க நம்பர வாங்கி வச்சுக்கோங்க.