கேள்வி–பதில்: எமுலேட்டரில் ஓடுகிறது, கன்சோலில் மக்கர் செய்கிறது!

கேள்வி: நின்டெண்டோவின் பழைய கேம் மெஷினான என்இஎஸ் கன்சோலுக்கு 6502 அசெம்பிளியில் (அதன் பிராசஸரின் கட்டளை மொழி) கேம் எழுதியிருக்கிறேன். கன்சோலைக் கம்ப்யூட்டரில் போலச் செய்து காட்டும் எமுலேட்டரில் குறையே இல்லை. நிஜக் கன்சோலில் போட்டால் ஸ்கோர் தாறுமாறாகத் தொடங்குகிறது, சில தடவை ஆரம்பத்திலேயே நின்றுவிடுகிறது. ஏன்?

பதில்: முதலில் ரேமைச் சந்தேகப்படுங்கள். கன்சோலின் 2 கேபி ரேமில், ஸ்விட்ச் போட்டதும் என்ன இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. எமுலேட்டர்கள் பல அதைப் பூஜ்யமாக்கித் தந்துவிடும். ஆரம்ப மதிப்பு கொடுக்க மறந்த மாறிகள் அந்தத் தயவில்தான் பிழைத்திருக்கும். மெசென் எமுலேட்டரின் என்இஎஸ் அமைப்புகளில் பவர்-ஆன் ரேமை ரேண்டம் என்று மாற்றுங்கள். டீபக்கர் (பிழை தேடும் கருவி) அமைப்பில், இதுவரை எழுதப்படாத நினைவகத்தைப் படித்தால் நிறுத்தும் வசதியையும் டிக் செய்யுங்கள். கோளாறான வரியிலேயே வந்து நிற்கும்.

ரேமைத் துடைக்கும் நிரலை, கன்சோல் தொடங்கியதும் ஓடும் ரீசெட் பகுதியிலேயே நேராக எழுதுங்கள். தனிச் சப்ரூட்டீனாக்கி ஜேஎஸ்ஆர் என்ற அழைப்புக் கட்டளை மூலம் அழைத்தால், ரேமிலேயே இருக்கும் ஸ்டாக்கில் உள்ள திரும்பும் முகவரியையும் சேர்த்து அழித்துவிடும். அப்புறம் ஆர்டிஎஸ் என்ற திரும்பும் கட்டளை எங்கே போகுமோ! ஸ்ப்ரைட்டுகளின் (திரையில் நகரும் உருவங்கள்) விவரம் இருக்கும் ரேம் பக்கத்தை மட்டும் பூஜ்யத்துக்குப் பதில் 255-ஆல் நிரப்புங்கள். பூஜ்யம் போட்டால் 64 ஸ்ப்ரைட்டும் இடது மேல் மூலையில் குவியும். படம் வரையும் சிப்பான பிபியு தயாராகும் வரை இரண்டு விபிளாங்க் (ஒரு படம் வரைந்து முடிந்து அடுத்தது தொடங்கும் வரையிலான இடைவெளி) காத்திருப்பதும் கட்டாயம். அதற்கு முன் சில பிபியு ரெஜிஸ்டர்களில் எழுதுவதைக் கன்சோல் கண்டுகொள்ளாது.

கேள்வி: ஸ்க்ரோல் ஆகும்போது திரையில் டைல்கள் (பின்னணியின் சிறு சதுரத் துண்டுகள்) சிதறுகின்றன. எங்கே தேடுவது?

பதில்: விபிளாங்க் முடிந்த பிறகும் பிபியு-வில் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். மெசெனின் ஈவென்ட் வியூவரைத் திறந்தால், எந்த ஸ்கேன்லைனில் (திரையின் கிடைவரி) எந்த ரெஜிஸ்டரில் எழுதினீர்கள் என்பது வண்ணப் புள்ளிகளாகத் தெரியும். பிபியு நினைவகத்தில் எழுதும் ரெஜிஸ்டரான $2007-க்கான புள்ளி, படம் வரையப்படும் 0 முதல் 239 வரையுள்ள வரிகளில் விழுந்தால் அதுதான் கோளாறு. அந்த முகவரிக்கு ரைட் பிரேக்பாயிண்ட் (எழுதும்போது ஓட்டத்தை நிறுத்தும் குறி) வைத்து, ஸ்கேன்லைன் 0 முதல் 239 வரை என்று நிபந்தனை கொடுங்கள்.

என்டிஎஸ்சி (அமெரிக்க, ஜப்பானிய டிவி முறை) கன்சோலில் விபிளாங்க் சுமார் 2,273 பிராசஸர் சைக்கிள். ஸ்ப்ரைட் விவரங்களை மொத்தமாக பிபியு-வுக்கு நகலெடுக்கும் ஸ்ப்ரைட் டிஎம்ஏ 513 அல்லது 514 சைக்கிளை விழுங்கிவிடும். சாதாரண லூப்பில் ஒரு பைட்டுக்கு 15 சைக்கிள் என்றால், மீதியில் நூறு டைலைத் தாண்டுவதே இழுபறிதான். லூப்பை விரித்து, கட்டளைகளை வரிசையாகத் திரும்பத் திரும்ப எழுதினால் பைட்டுக்கு 8 சைக்கிளில் முடிக்கலாம்.

கேள்வி: டீபக்கரில் லேபிள் பெயர்கள் வராமல் வெறும் முகவரிகளே வருகின்றன.

பதில்: அசெம்பிளரான சிஏ65-க்கு மைனஸ் ஜி (-g) கொடுத்து, லிங்கரான எல்டி65-இல் டீபக் ஃபைல் ஒன்றை எழுதச் சொல்லுங்கள். ரோமின் (கேம் ஃபைல்) பெயரிலேயே, அதே ஃபோல்டரில், டாட் டிபிஜி (.dbg) என்று முடியும்படி வையுங்கள். மெசென் தானே எடுத்துக்கொள்ளும்.