தேனீ நஞ்சு ஒவ்வாமைக்குச் சிகிச்சை எடுத்தவர் மீண்டும் தேனீ வளர்க்கலாமா?

வளர்க்கலாம். நான் வளர்க்கிறேன். ஆனால் "சிகிச்சை முடிந்ததும் பெட்டிகளிடம் திரும்பலாமா" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த "முடிந்ததும்" என்ற சொல்தான் என்னைப் பதற வைக்கிறது.

திருகோணமலையில் தம்பலகாமத்துப் பக்கம் எங்கள் வளவில், தென்னைக்கும் முருங்கைக்கும் நடுவே ஆறு பெட்டிகள் வைத்திருந்தேன். எல்லாம் நாட்டுத் தேனீ. பத்து வருடங்களில் எத்தனையோ கொட்டு வாங்கினேன். வீங்கும், இரண்டு நாளில் வற்றிவிடும். பிறகு மகளின் பிரசவத்துக்காக மட்டக்களப்புக்குப் போய் ஒரு வருடம் தங்கினேன். திரும்பி வந்து பெட்டியைத் திறந்தால், ஒரு தேனீயும் கொட்டாமலே தும்மல் வந்தது. மூக்கு ஒழுகியது, கண் அரித்தது. தூசி என்று நினைத்தேன். பெட்டி திறக்கும்போது இப்படி வரும் வளர்ப்பாளர்களுக்குக் கடும் ஒவ்வாமை வரும் ஆபத்து அதிகம் என்பதை வைத்தியர் சொல்லித்தான் பின்னர் அறிந்தேன். உங்களோடு தேனீ வளர்ப்பவர் எவருக்காவது இந்தத் தும்மல் இருந்தால், தயவுசெய்து அவரை உடனே வைத்தியரிடம் அனுப்புங்கள்.

ஒரு மாலை கழுத்தில் ஒரே ஒரு கொட்டு. உள்ளங்கை அரிக்கத் தொடங்கியது, உடம்பு முழுவதும் தடித்தது, குரல் அடைத்தது. அயலில் ஒருவர் சுண்ணாம்பு எடுக்க ஓடினார். தம்பி அதற்கெல்லாம் நிற்காமல் ஆட்டோவின் பின்னிருக்கையில் என்னைப் படுக்கவைத்து வைத்தியசாலைக்குக் கொண்டுபோனான். வழியில் எழுந்து உட்காரப் பார்த்தேன், கண் இருண்டது. இரத்த அழுத்தம் விழுந்திருக்கும்போது சட்டென்று எழுந்தால் உயிரே போகலாமாம். தொடையில் ஏற்றிய அட்ரினலின் ஊசிதான் என்னைக் காப்பாற்றியது.

"கொட்டக் கொட்டப் பழகிவிடும்" என்று ஊரில் பலர் சொன்னார்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது. வருடத்துக்கு 200 கொட்டுக்கு மேல் வாங்குகிறவர்களுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. எப்போதாவது சில கொட்டு வாங்குகிறவர்களுக்குத்தான் ஆபத்து கூடுதல். ஆனால் ஒருமுறை மயங்கி விழுந்தவர் அதை வளவில் சோதித்துப் பார்க்கவே கூடாது. பழக்குவதை வைத்தியர்தான் செய்ய வேண்டும், அளந்து செய்ய வேண்டும்.

அதற்காகக் கொழும்புக்குப் போனேன். சுத்திகரித்த தேனீ நஞ்சை மிக நுண்ணிய அளவில் தொடங்கி, வாரத்துக்கு வாரம் கூட்டி ஏற்றினார்கள். இலக்கு 100 மைக்ரோகிராம், ஏறத்தாழ இரண்டு கொட்டின் நஞ்சு. தேவைப்பட்டால் வளர்ப்பாளர்களுக்கு 200 வரை கூட்டுவார்கள். இரவு புகையிரதம், காலையில் ஊசி, பிறகு அரை மணி நேரமாவது அங்கேயே காத்திருப்பு, மறுபடி புகையிரதம். அந்த அளவை எட்டிய பிறகு மாதம் ஒருமுறை. வழக்கமாக இது மூன்று முதல் ஐந்து வருடம். பெட்டிகளை விட முடியாதென்று நான் சொன்னதும், "அப்படியானால் தேனீ வளர்க்கும்வரை ஊசியும் தொடரட்டும்" என்றார் வைத்தியர். நான் குடித்துவந்த பீட்டா புளொக்கர் வகை இரத்த அழுத்த மாத்திரையையும் அவரே மாற்றித் தந்தார். அந்த மாத்திரை உடம்பில் இருந்தால், ஆபத்து நேரத்தில் அட்ரினலின் சரியாக வேலை செய்யாமல் போகலாம். நீங்கள் மாத்திரை எதுவும் எடுத்தால் முதலில் இதைக் கேளுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

இந்தச் சிகிச்சை குளவி நஞ்சுக்கு 90 வீதத்துக்கு மேல் காப்பளிக்கிறது. தேனீ நஞ்சுக்கு 80 வீதம் அளவில்தான். மீதி இருபதில் நாம் இருக்கிறோமா என்பதை அடுத்த கொட்டுதான் சொல்லும். சில நாடுகளில் வைத்தியசாலையிலேயே உயிருள்ள தேனீயைக் கொட்டவைத்துப் பார்க்கிறார்கள். எனக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. அதனால் 100 மைக்ரோகிராமை எட்டும்வரை பெட்டிப் பக்கமே போகவில்லை. தம்பிதான் பார்த்துக்கொண்டான். என் வளவில் என் தேனீக்களை வேலிக்கு அப்பால் நின்று பார்த்த அந்த மாதங்கள் மிகவும் நீளமானவை.

இப்போது தனியாக ஒரு பெட்டியும் திறப்பதில்லை. அட்ரினலின் ஊசி போடத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்; கணவரும் தம்பியும் பழகியிருக்கிறார்கள். அட்ரினலினை வெயிலில் நிற்கும் மோட்டார் சைக்கிளில் வைப்பதில்லை, நம் ஊர் வெக்கையில் அது கெட்டுவிடும். தேனீ உடுப்பை வீட்டுத் துணியோடு துவைப்பதுமில்லை. அதில் ஒட்டிவரும் தூசியும் நஞ்சும் வீட்டிலுள்ளவர்களுக்கும் ஒவ்வாமையைத் தொடங்கிவைக்கலாம்.

பெட்டிகளிடம் திரும்பிய மூன்றாம் மாதம் மணிக்கட்டில் ஒன்று கொட்டியது. நகத்தால் உடனே கொடுக்கைச் சுரண்டி எறிந்தேன். வாழைப்பழம் போல ஒரு வாசனை எழுந்தது. மற்றத் தேனீக்களை அழைக்கும் வாசனை அது. அந்த இடத்தில் தேங்காய்ப் பொச்சுப் புகை அடித்துவிட்டுப் பெட்டியை மூடினேன். கணவர் ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டு என்னைத் திண்ணையில் உட்காரவைத்தார். இருவரும் பேசவில்லை. அவர் என் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு மணி நேரம் போனது. மணிக்கட்டு மட்டும் வீங்கியிருந்தது.