சிமோன் சிஞோரே தன் அழகைக் கைவிட்டாரா?

கேள்வி: பிரெஞ்சு நடிகை சிமோன் சிஞோரே இளமையில் அத்தனை அழகாக இருந்தும், நாற்பதைக் கடந்ததும் தன்னைக் கவனிக்காமல் விட்டு முதுமைத் தோற்றம் அடைந்தது ஏன்? அவருடைய கணவர், ஹாலிவுட் நடிகை மர்லின் மன்றோவுடன் பழகியதால் வந்த துயரம்தான் காரணமா?

நீங்கள் அவருடைய இரண்டு புகைப்படங்களை அருகருகே பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஒன்று பொன்னிறக் கூந்தலை உச்சியில் கொண்டையாகக் கட்டிய 1952ஆம் ஆண்டுப் படம். மற்றது கண்களின் கீழே தசை தொங்கும் 1977ஆம் ஆண்டுப் படம். இரண்டுக்கும் நடுவே ஒரு துயரக் கதையை வைத்துவிட்டால் எல்லாம் விளங்கிவிட்டதாகத் தோன்றும். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். அந்த எண்ணம் மாறிய விதத்தைச் சொல்வதுதான் உங்களுக்கான பதில்.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பாரிஸில் வாழ்கிறேன். முதியவர்களின் வீடுகளுக்குச் சென்று சமைத்துக் கொடுத்து, குளிப்பாட்டி, மருந்து கொடுக்கும் பணி செய்கிறேன். திரைப்படக் கல்வி எனக்கு இல்லை என்று யாரேனும் சுட்டிக்காட்டலாம், அது உண்மைதான். ஆனால், வயதான பெண்களின் முகங்களை நாள்தோறும் கைக்கெட்டும் தூரத்தில் பார்ப்பவள் என்ற தகுதி எனக்கு உண்டு.

லிப்ட் இல்லாத ஒரு பழைய கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் வாழ்ந்த ஒரு மூதாட்டியை நான்கு ஆண்டுகள் பராமரித்தேன். நான் அவரை ‘மதாம்’ என்றே அழைப்பேன். ஒருநாள் கறிக்காய்ப் பையோடு மூச்சு வாங்கியபடி நான் உள்ளே வந்ததைப் பார்த்தவர், ஒரு படத்தை எடுத்துப் போடச் சொன்னார். அது சிஞோரே நடித்த மதாம் ரோசா. பாரிஸின் பெல்வில் பகுதியில் லிப்ட் இல்லாத கட்டடத்தின் ஆறாம் மாடிக்கு, பருத்த உடலோடு படியேறும் ஒரு கிழவியின் கதை. அவள் முன்னாளில் பாலியல் தொழில் செய்தவள். ஒஷ்விட்ஸ் வதைமுகாமிலிருந்து மீண்ட யூதப் பெண். இப்போது அத்தொழிலில் இருக்கும் பெண்களின் பிள்ளைகளை வளர்த்துப் பிழைக்கிறாள். அவர்களுள் மோமோ என்ற முஸ்லிம் சிறுவன் அவளுக்கு மகனாகவே ஆகிவிடுகிறான். கட்டடத்தின் நிலவறையில், யாரும் அறியாமல், ஒளிந்துகொள்ள ஓர் அறையை அவள் வைத்திருக்கிறாள். இரண்டாம் உலகப் போர் முடிந்து முப்பது ஆண்டுகள் ஆன பின்னும் அந்த அறை அவளுக்குத் தேவைப்படுகிறது. எங்கள் வளவிலும் பதுங்குகுழி இருந்தது. விமானச் சத்தம் கேட்டால் இன்றும் என் உடம்பு தானாகக் குனிகிறது. அந்த நிலவறைக் காட்சியில் நான் அழுதேன். மதாம் அழவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அந்தப் படம் வந்தபோது சிஞோரேக்கு வயது 56. தன்னைவிட மூத்த ஒருத்தியாகத் தோன்ற அவர் ஒப்பனையும் செய்துகொண்டார், உடலைப் பருக்கவும் வைத்துக்கொண்டார். ‘அப்படியானால் அதுவும் வேடம்தானே’ என்று நீங்கள் கேட்கலாம். வேடம்தான். ஆனால் நடிகைகள் வழக்கமாக ஒப்பனையை வயதைக் குறைக்கப் பயன்படுத்துவார்கள். அவர் வயதைக் கூட்டப் பயன்படுத்தினார். தன்னைக் கவனிக்காமல் விட்ட ஒருத்தி அதைச் செய்ய மாட்டாள். எதைக் காட்டுகிறோம் என்று அறிந்த ஒருத்தியால்தான் அது முடியும். அந்த நடிப்புக்குப் பிரான்சின் உயரிய திரைவிருதான சேசார் 1978இல் அவருக்குக் கிடைத்தது. சிறந்த பிறமொழிப் படத்துக்கான ஆஸ்காரைப் படமும் பெற்றது.

இனி அவருடைய வாழ்க்கைக்கு வருகிறேன். அதை அறியாமல் அந்த முகத்தைப் புரிந்துகொள்ள முடியாது. அவர் 1921 மார்ச் 25 அன்று ஜெர்மனியின் வீஸ்பாடன் நகரில் பிறந்தார். இயற்பெயர் சிமோன் காமிங்கர். தந்தை போலந்து யூத வழிவந்தவர். 1940இல் ஜெர்மானியர் பிரான்சைக் கைப்பற்றியபோது தந்தை லண்டனுக்குச் சென்று, ஜெர்மானியரை எதிர்த்த தளபதி தெ கோலின் அணியில் சேர்ந்துவிட, தாயையும் இரண்டு தம்பிமாரையும் காப்பாற்றும் பொறுப்பு இருபது வயதுகூட நிரம்பாத அந்தப் பெண்ணின் தலையில் விழுந்தது. ஜெர்மானியர் பக்கம் சாய்ந்த ஒரு நாளிதழில் தட்டச்சு வேலை பார்த்து, அதை விட்டு விலகி, பாரிஸின் கஃபே த ஃப்ளோரில் கூடிய எழுத்தாளர்களோடும் கலைஞர்களோடும் பழகி, திரைப்படங்களில் கூட்டத்தில் ஒருத்தியாக நின்று அன்றாடக் கூலி வாங்கினார். தந்தையின் பெயர் ஆபத்தானது என்பதால் தாயின் குடும்பப் பெயரான சிஞோரேயைச் சூட்டிக்கொண்டார். உரிய பணி அனுமதி அவரிடம் இல்லை. தாள்கள் இல்லாமல் வேலை செய்வது எப்படிப்பட்ட அச்சம் என்பதை என்னைப் போல் வந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

1952இல் ழாக் பெக்கர் இயக்கிய காஸ்க் தோர் அவரை உயரத்தில் வைத்தது. ‘பொன் தலைக்கவசம்’ என்று பொருள்படும் அந்தப் பெயர் அவருடைய கூந்தலையே குறிக்கிறது. பிரான்சில் அது முதலில் நன்றாக ஓடவில்லை, பிரிட்டனில்தான் கொண்டாடினார்கள். அமெரிக்கப் பாடகி நீனா சிமோன் தன் மேடைப் பெயரின் இரண்டாம் பாதியை இவரிடமிருந்துதான் எடுத்துக்கொண்டார் என்று அறிந்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது, ஏதோ என் உறவுக்காரியைப் பற்றிக் கேட்டதுபோல.

ஆஸ்கார் வந்ததோ 1960இல், ஜாக் கிளேட்டன் இயக்கிய ரூம் அட் த டாப் என்ற பிரிட்டிஷ் படத்துக்காக. அதில் அவர் ஏற்றது, இளைஞன் ஒருவனைக் காதலித்துக் கைவிடப்படும், அவனைவிட வயதில் மூத்த மணமான பெண்ணின் பாத்திரம். இதைக் கவனியுங்கள்: மன்றோ விவகாரம் எழுந்ததும் அதே 1960இல்தான். அதாவது, ‘வயது கூடிய பெண்’ என்ற பாத்திரத்தை அவர் அதற்கு முன்பே விரும்பி ஏற்று, உலகின் பெரிய விருதையும் வாங்கிவிட்டார். துயரத்தால் முதுமை வந்தது என்ற கதை ஆண்டுக் கணக்கிலேயே தவறுகிறது.

அவருக்குத் துயரமே இல்லை என்று நான் சொல்லவில்லை. கணவர் ஈவ் மொன்தானும் மன்றோவும் ஒன்றாகப் படத்தில் நடித்தபோது உலகப் பத்திரிகைகள் அந்த வீட்டுக் கதவைத் தட்டாமலே திறந்து உள்ளே நுழைந்தன. அவர் நிறையப் புகைத்தார், மது அருந்தினார். அவை முகத்தில் தடம் பதித்திருக்கும் என்பதையும் மறுக்க மாட்டேன். ஆனால் 1976இல் வெளியிட்ட நினைவுக் குறிப்பு நூலில் மன்றோவைப் பற்றி அவர் வன்மமின்றி எழுதினார். 1951இல் மணந்த மொன்தானோடு 1985 செப்டம்பர் 30 அன்று புற்றுநோயால் இறக்கும்வரை வாழ்ந்தார். பிரான்ஸ் அல்ஜீரியாவில் நடத்திய போரில் சேர மறுத்தவர்களை ஆதரித்து 121 பேர் 1960இல் வெளியிட்ட அறிக்கையில் கையெழுத்திட்டவர்களில் அவரும் ஒருவர். இத்தனை வாழ்ந்த ஒருவரின் முகத்துக்கு, கணவர் ஒருவரை மட்டும் காரணமாக்குவது எனக்கு மனம் ஒப்பவில்லை.

இந்த விடயத்தில் எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்டால், அதையும் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் இங்குள்ள நம்மவர் சிலர் குறும்படம் ஒன்று எடுத்தார்கள். மகனைப் போரில் இழந்த தாயின் பாத்திரத்துக்கு என்னை அழைத்தார்கள். பள்ளிக் காலத்தில் மேடை நாடகங்களில் நடித்தவள் என்பதால் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டு, வேலை முடிந்த இரவுகளில் வசனம் பாடமாக்கினேன். ஒத்திகை முடிந்த மூன்றாம் நாள் இயக்குநர் தொலைபேசியில் அழைத்து, “அக்கா, குறை நினைக்காதையுங்கோ, முகம் கமராவிலே கொஞ்சம் முத்திப்போய்த் தெரியுது” என்றார். எனக்கு அப்போது 54 வயது. அந்தத் தாயின் வயதும் அதுதான். பின்னர் படத்தைப் பார்த்தேன். முப்பதைச் சற்றே கடந்த ஒரு தங்கை தலையில் வெள்ளைப் பூச்சோடு அழுதுகொண்டிருந்தார். அந்தத் தங்கையின் மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை, நன்றாகவே நடித்தார். ஆனால் அந்தத் தாய் அழுத காட்சியில், எங்கள் ஊரில் நான் கண்ட ஒரு தாயின் முகமும் இல்லை.

மறுநாள் இதை மதாமிடம் சொன்னேன். அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. “காஸ்க் தோர் வந்தபோது எனக்குப் பதினெட்டு வயது; நானும் அவளைப் போலக் கொண்டை போட்டேன். பிறகு ஒவ்வொரு படத்திலும் அவள் எங்களோடு சேர்ந்து வயதானாள். மற்றவர்கள் எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள்” என்றார். நான் படித்த எந்த விமரிசனமும் எனக்கு இவ்வளவு விளக்கியதில்லை.

அவருடைய படங்களைப் பார்க்க விரும்பினால் ஒரே வாரத்தில் இரண்டைப் பாருங்கள். முதலில் காஸ்க் தோர். அடுத்தது 1971இல் ழான் கபேனோடு நடித்த லெ ஷா, அதாவது ‘பூனை’. சுற்றிலும் வீடுகள் இடிக்கப்படும் ஒரு புறநகர்த் தெருவில், பேச்சை நிறுத்திவிட்ட ஒரு முதிய தம்பதியின் கதை அது. இருவருக்கும் பெர்லின் திரைப்பட விழாவில் நடிப்புக்கான வெள்ளிக் கரடி கிடைத்தது. வசனமே இல்லாத நேரங்களில் அவருடைய கண்களின் கீழுள்ள அந்தத் தசையை மட்டும் பாருங்கள். கணவனை இன்னும் நேசிக்கிறாள் என்பதை அவள் வாயால் சொல்வதற்கு வெகு முன்பே அந்த இடம் சொல்லிவிடும். பிறகு இந்தக் கேள்வியை மறுபடியும் கேட்கத் தோன்றினால், இங்கேயே கேளுங்கள். நான் பதில் எழுதுகிறேன்.