வாத்தியப் பட்டறை: பலா மரத்தில் சின்தசைஸர் பெட்டி

கேள்வி: சின்தசைஸரின் தனித்தனிப் பகுதிகளான மாட்யூல்கள் ஒன்பதை யூரோராக் அளவில் வாங்கி அட்டைப்பெட்டியில் வைத்திருக்கிறேன். வீணை செய்யும் பலா மரத்தில் பெட்டி செய்தால் நாதம் கூடும் என்கிறார் நண்பர். எங்கள் ஆசாரியிடம் என்ன அளவு கொடுக்க வேண்டும்?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பலாவிலேயே செய்யுங்கள். அந்த மஞ்சள், வருடங்கள் போகப் போகக் கருத்துவரும் அழகு எனக்கும் பிடிக்கும். ஆனால் நாதத்தை எதிர்பார்க்காதீர்கள். வீணையில் தந்தியின் அதிர்வு குதிரை வழியாகக் குடத்துக்கு இறங்குகிறது. அங்கே மரமும் சேர்ந்து பாடுகிறது. மின்சுற்றால் ஒலி உண்டாக்கும் சின்தசைஸரில் மின்னழுத்தம்தான் ஏறி இறங்குகிறது. அது ஸ்பீக்கருக்குப் போன பிறகுதான் காற்று அசைகிறது. 1960களில் மூக் சின்தசைஸர்கள் வால்நட் மரப் பெட்டிகளில் வந்தன. அந்த மரமும் பாரம் தாங்கியதே தவிரப் பாடவில்லை.

ஆசாரியிடம் போவதற்கு முன், மாட்யூல்களைத் திருகிப் பிடிக்கும் அலுமினிய ரெயில்களை வாங்கிவிடுங்கள். இதை வற்புறுத்தியே சொல்கிறேன். ஜெர்மனியின் டோப்ஃபர் நிறுவனம் 1990களின் நடுவில் ஏ-100 என்ற தன் சின்தசைஸருக்கு வைத்த அளவுதான் இன்று யூரோராக். மாட்யூலின் முகத்தகட்டு உயரம் 128.5 மி.மீ. மேல் திருகுக்கும் கீழ்த் திருகுக்கும் இடையே 122.5 மி.மீ. அகலத்தை எச்பி என்ற அலகில் சொல்வார்கள். ஓர் எச்பி 5.08 மி.மீ., ஆகவே 84 எச்பி வரிசைக்கு 426.72 மி.மீ.

என் முதல் பெட்டிக்கு இந்தக் கணக்கைத் தாளில் போட்டு, உள் அகலம் அதே 426.7 என்று எழுதிக் கொடுத்தேன். பிறகு வந்த ரெயில் அதைவிட ஒன்றரை மி.மீ. நீளம். ஒட்டிக் காய்ந்த பெட்டியைப் பிரித்தபோது பக்கப் பலகை ஒன்று பிளந்துபோயிற்று. நல்ல தேக்கு அது. இன்னும் மனது ஆறவில்லை. அதனால் ரெயிலையே ஆசாரியின் கையில் கொடுத்து, அதை வைத்து அளக்கச் சொல்லுங்கள். துளையிடும்போதும் அளவுகோலை நம்ப வேண்டாம். இரண்டு ரெயில்களுக்கு நடுவே இடக்கோடியில் ஒரு மாட்யூலும் வலக்கோடியில் ஒன்றும் திருகி, அந்தச் சட்டகத்தைப் பக்கப் பலகையில் வைத்துத் துளையைக் குறியுங்கள்.

பலா நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். மழைக்காலத்தில் மரம் இழைக்குக் குறுக்கே உப்பும், அலுமினியம் உப்பாது. மேல், கீழ், பக்கம் என நான்கு பலகைகளிலும் இழை பெட்டியைச் சுற்றியே ஓடட்டும். அப்போது உப்பல் பெட்டியின் ஆழத்தோடு நின்றுவிடும், ரெயிலை நெருக்காது. முதுகுக்கு பிளைவுட் போதும். ஒட்டாமல் திருகி வையுங்கள், கழற்ற வேண்டிவரும். ஆழத்துக்கு, உங்களிடம் இருப்பதிலேயே ஆழமான மாட்யூலை அளந்து, மின்சாரம் கொடுக்கப் பின்னால் செருகும் பட்டைக் கம்பிக்காக மூன்று செ.மீ. கூட்டிக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் மின்சாரத்தைச் சொல்லாமல் விட முடியாது. 230 வோல்ட்டைப் பெட்டிக்குள் கொண்டுவராதீர்கள். அடாப்டர் வெளியே இருக்கட்டும். ஒவ்வொரு மாட்யூலும் இழுக்கும் மில்லிஆம்பியரை +12 வோல்ட்டுக்குத் தனியாகவும் -12 வோல்ட்டுக்குத் தனியாகவும் கூட்டி, அதைவிடத் தாராளமாகக் கொடுக்கும் பவர் சப்ளையை வாங்குங்கள். பட்டைக் கம்பியின் சிவப்புக் கோடு -12 பக்கம். மாற்றிச் செருகினால் மாட்யூல் எரிந்துபோகலாம். செருகிய பிறகு ஒருமுறை, மின்சாரம் போடும் முன் இன்னொருமுறை பாருங்கள்.

ஒன்பதும் ஒரே வரிசையில் அடங்கினாலும் இரண்டு வரிசையாகவே செய்யச் சொல்லுங்கள். மாட்யூல் வாங்குகிறவர்கள் ஒன்பதோடு நிறுத்தி நான் பார்த்ததில்லை. காலி இடத்தை வெற்றுத் தகட்டால் மூடிவையுங்கள். திறந்து கிடந்தால் கைதவறிய திருகு நேரே மின்பலகையில் போய் விழும்.