பழைய அனிமேஷன் படங்களை இந்தக் காலக் குழந்தைகளுக்கு எப்படிப் பழக்குவது?

நீங்கள் சிறுவயதில் உருகி உருகிப் பார்த்த படத்தைப் போட்டால், மகள் பத்து நிமிடத்தில் எழுந்து போய்விடுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒன்று கேட்கிறேன். படம் ஓடும்போது நீங்கள் திரையைப் பார்க்கிறீர்களா, அவள் முகத்தையா? நான் என் மகளின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது அவளுக்கு ஆறு வயது. 'பாம்பி' போட்டேன். ஒரு மான்குட்டியின் கதை; 1942-இல் வந்த டிஸ்னி படம், 70 நிமிடம்தான். தொடக்கத்தில் காடு மெல்ல நகரும். கண்ணாடித் தகடுகளில் மரங்களைத் தனித்தனியாக வரைந்து, முன்னும் பின்னுமாக அடுக்கிப் படம் பிடித்திருப்பதால் நாமே உள்ளே நடந்து போவதுபோல இருக்கும். எனக்கு உயிரான இடம். "பாரு, எல்லாம் கையால வரைஞ்சது" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவள் திரும்பி, "அப்பா, ஏன் என்னையே பாக்கறீங்க?" என்றாள். அப்புறம் விளையாடப் போய்விட்டாள். அன்று எனக்கு வருத்தம்தான்.

சில வாரம் கழித்து நல்ல மழை நாளில், அந்தப் படத்தின் மழைக் காட்சியை மட்டும் எனக்காகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். இலையில் ஒரு துளி, இன்னொரு துளி என்று விழுந்து, கடைசியில் காடே பாட்டாகிவிடும். அவளைக் கூப்பிடவில்லை. அவளே வந்து உட்கார்ந்தாள். முடிந்ததும், "முதல்லேர்ந்து போடுங்க" என்றாள். படத்தில் பேச்சு மிகக் குறைவு, அதனால் மொழியும் தடையாக இல்லை.

தாய் மான் சாகும் இடம் வந்தது. சாவைத் திரையில் காட்டமாட்டார்கள். ஒரு துப்பாக்கிச் சத்தம், கொட்டும் பனி, அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டே அலையும் குட்டி, அவ்வளவுதான். அவள் அழவில்லை. அடுத்த காட்சியில் வசந்தம் வந்து பறவைகள் குஷியாகப் பாடும் இல்லையா, அதில்தான் கோபம் வந்தது. "அதுக்குள்ள எல்லாரும் பாடறாங்களா?" என்றாள். அத்தனை தடவை பார்த்த எனக்கு அது தோன்றியதே இல்லை.

'பிஞ்சு மனசில் இதையெல்லாம் போடலாமா' என்று சிலர் இங்கே கேட்பீர்கள். எங்கள் சொந்தக்காரர்களும் கேட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன், அவள் கேட்டதற்கெல்லாம் உண்மையான பதில் சொன்னேன். அதில் தப்பில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். பழையது எல்லாமே தங்கம் என்றும் நான் சொல்லவில்லை. 1953-இல் வந்த 'பீட்டர் பேன்' அமெரிக்கப் பழங்குடியினரைக் கேலிப் பொருளாகக் காட்டும். அதை அவள் கொஞ்சம் பெரியவளான பிறகுதான், பேசிக்கொண்டே பார்த்தோம்.

சம்பந்தமில்லாமல் ஒரு ஆதங்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பாம்பியின் மூடுபனி படர்ந்த காட்டுக்கு அந்தத் தோற்றத்தைக் கொடுத்தவர் டைரஸ் வாங், சீனாவிலிருந்து சிறுவனாக அமெரிக்கா வந்த ஓவியர். படத்தின் தொடக்கப் பட்டியலில் பின்னணி ஓவியர்கள் கூட்டத்தில் ஒருவராக மட்டும்தான் அவர் பெயர் வருகிறது. 1937-இல் வந்த 'ஸ்னோ ஒயிட்'டுக்காக ஆயிரக்கணக்கான செல்லுலாய்டுத் தாள்களில் கோடு இழுத்து, வண்ணம் தீட்டிய பெண்களுக்கு அந்த இடம்கூடக் கிடைக்கவில்லை. எழுதிய பெயர்களையாவது இன்று நிம்மதியாகப் படிக்க முடிகிறதா? நான் சந்தா கட்டும் தளத்தில் ஒரு படத்தின் கடைசிக் காட்சி மறைவதற்குள் அடுத்த படத்தின் விளம்பரம் வந்து திரையை மூடிவிடுகிறது. இத்தனை பேர் கைவலிக்க வரைந்ததற்கு இரண்டு நிமிடம் மரியாதை கிடையாதா?

சரி, உங்கள் விஷயம். 'என் பக்கத்து வீட்டு டோட்டோரோ'வில் தொடங்கிப் பாருங்கள். 1988-இல் வந்த ஜப்பானியப் படம், 86 நிமிடம். வில்லனே கிடையாது. பாதியில் எழுந்து போனாலும் கூப்பிடாதீர்கள், நிறுத்தவும் வேண்டாம். நீங்கள் பாட்டுக்குப் பார்த்துக்கொண்டிருங்கள். ஒரு எச்சரிக்கை: ஜப்பானில் அதோடு ஜோடியாகத் திரையிட்ட படம் 'மின்மினிகளின் கல்லறை'. அதே ஸ்டுடியோ என்பதால் அடுத்து அதைத்தான் உங்களுக்குப் பரிந்துரைப்பார்கள். போரில் அநாதையாகிப் பட்டினி கிடக்கும் இரண்டு குழந்தைகளின் கதை அது, ஆறு வயதுக்கு வேண்டாம்.