பின்னிரவு நித்திரை

மதிப்பிற்குரிய ஐயா,

வெள்ளவத்தையிலிருந்து எழுதுகிறேன். என் அப்பாவுக்கு வயது 62. நித்திரையில் மணிக்கு 38 தடவை மூச்சுத் தடைப்படுவதாகச் சென்ற ஆண்டு கண்டறிந்தார்கள். எட்டு மாதங்களாக, முகமூடி வழியே காற்றைச் செலுத்தித் தொண்டை மூடாமல் வைக்கும் சீபாப் கருவி பாவிக்கிறார். ஆனால் இரவு இரண்டு மணிக்கே முகமூடியைக் கழற்றிவிடுகிறார். பகல் உறக்கம் நின்றுவிட்டது, மனச்சோர்வும் மறதியும் நீங்கவில்லை. மனச்சோர்வுக்கான குளிசைகளை நிறுத்தலாமா? வல்லாரை உதவுமா? ஞாபகம் திரும்புமா?

ஒரு வாசகி

அன்புள்ள மகளுக்கு,

குளிசையைப் பற்றி அதை எழுதித் தந்த வைத்தியரிடம் கேளுங்கள், கதை எழுதுகிறவனிடம் கேட்காதீர்கள். வல்லாரை சம்பலுக்கு நல்லது.

என்னைக் கோபப்படுத்தியது அந்த இரண்டு மணிதான். நானும் ஆண்டுக்கணக்காக அந்த முகமூடியோடு படுப்பவன் என்பதால் மூக்குத்தண்டில் விழும் தழும்பும், வீட்டார் முன்னே அதை அணியும் கூச்சமும் எனக்குத் தெரியாதவை அல்ல. ஆனால் கனவு காணும் நித்திரையின் பெரும்பகுதி பின்னிரவில்தான் வருகிறது. அவ்வேளையில் தசைகள் தளர்ந்து தொண்டை எளிதில் மூடிக்கொள்வதால், பலருக்கு மூச்சுத் தடை மோசமாவதும் அப்போதுதான். கள்வன் வரும் நேரம் பார்த்து உங்கள் அப்பா கதவைத் திறந்து வைக்கிறார், நீங்களும் எட்டு மாதமாக அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். முகமூடி பொருந்தவில்லையென்றால் மாற்றித் தரக் கேளுங்கள். 2022 மின்வெட்டில் என் கருவி அடிக்கடி நின்றபோது, ஒரு கிழமைக்குள் நான் பழையபடி எதிலும் பிடிப்பற்றவனாகிப் போனேன்.

நீங்கள் மறதி என்று எழுதியிருப்பது வெறும் மறதிதானா என்பதே என் ஐயம். மெல்பேர்னில் ஆர்எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இதே மூச்சுத் தடைக்குச் சிகிச்சை பெறாத 44 நோயாளிகளை நலமான 44 பேரோடு ஒப்பிட்டு 2019 இல் எழுதினார்கள். நோயாளிகளுடைய நினைவுகள் மிகுதியும் பொதுப்படையாக இருந்தன. குறிப்பிட்ட ஒரு நாளை அதன் விவரங்களோடு சொல்ல அவர்கள் தடுமாறினார்கள். மனச்சோர்வுற்றவர்களிடமும் இதே தடுமாற்றம் உண்டு. ஆகவே அப்பாவிடம் ‘ஞாபகமிருக்கிறதா’ என்று பரீட்சை வைக்காமல், ஏதாவது ஒரு நாளைக் கேளுங்கள். அன்று என்ன வெயில், யார் என்ன உடுத்தியிருந்தார் என்று கேளுங்கள்.

‘லீவுக்கு யாழ்தேவியில் ஊருக்குப் போவோம்’ என்பதற்கு மேல் என் சிறுவயதைப் பற்றிச் சொல்ல எனக்கும் எதுவுமில்லாத காலமொன்று இருந்தது. முகமூடியை விடியும்வரை கழற்றாதிருக்கப் பழகிய பிறகு, ஒரு காலை பல் துலக்கிக்கொண்டிருக்கையில், அநுராதபுரத்தில் இளநீர் குடிக்க இறங்கிய அப்பா ரயில் நகர்ந்த பின் ஓடிவந்து தொற்றி ஏறியதும், அம்மா பளை வரை அவரோடு கதையாமல் யன்னலையே பார்த்துக்கொண்டு வந்ததும் நினைவுக்கு வந்தன. அது எந்த வருடம் என்பது இன்னும் வரவில்லை.